பண்ணைப் பக்கம்: வலையைக் கழற்றிய பின் தீன்



சென்ற இதழில், பனிக்காலத்தில் மாடுகளின் குடிநீர் உறைந்து போகாமல் காப்பது பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு, புதிதாகப் பண்ணை வேலைக்குச் சேர்ந்த ஒரு குடும்பத்தினர் தொலைபேசியில் எங்களை அழைத்தனர். "உருளைக் கட்டைச் சுத்தியிருக்கிற வலையை முழுக்கக் கழட்டத்தான் வேணுமோ? குளிருக்குள்ள நிண்டு அதை உரிக்கிறது பெரும்பாடாய்க் கிடக்கு. மாடு புல்லைத் திண்டுபோட்டு வலையை விட்டிடும்தானே?" என்பது அவர்களுடைய கேள்வி.

இதே கேள்வி ஒரு காலத்தில் எங்களுக்கும் இருந்தது. விடையைக் கேட்டறியாமல், எங்கள் வசதிக்கு ஏற்றபடி நாங்களே ஒரு விடையை வைத்துக்கொண்டு வேலை செய்தோம். அதனால் வந்த கதையையும், பின்னர் நாங்கள் கற்றுக்கொண்டவற்றையும் இம்முறை எழுதுகிறோம்.

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். கனடாப் பண்ணைகளில் 'ஹே' என்பது தீனுக்காக வெட்டி உலர்த்திய புல். 'ஸ்ரோ' என்பது கோதுமை, பார்லி முதலியவற்றின் தாள். இது பெரும்பாலும் மாடு படுப்பதற்கு விரிக்கப்படுவது. நாம் இரண்டையும் வைக்கோல் என்று சொல்லிவிடுவதால், ஒன்றைக் கேட்க மற்றதைக் கொண்டுபோய்ப் போட்டவர்களும் உண்டு. உலர்புல்லை உருளையாகச் சுருட்டிக் கட்டும் பெரிய இயந்திரம் 1971இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் உருவானது. ஒரு கட்டு அதன் அளவைப் பொறுத்து 400 முதல் 700 கிலோ வரை இருக்கும். முன்னர் கற்றாழை நார்க் கயிற்றாலோ பிளாஸ்ரிக் கயிற்றாலோ கட்டினார்கள். இப்போது பல பண்ணைகளில் 'நெற் ராப்' எனப்படும் பின்னல் வலையை இரண்டு மூன்று சுற்று சுற்றிவிடுகிறார்கள். வேலை விரைவில் முடிகிறது. மழைநீர் உள்ளே இறங்குவது குறைகிறது. இலை உதிர்ந்து வீணாவதும் குறைவு. விவசாயிக்கு அது நல்ல பொருள்தான். மாட்டின் வயிற்றுக்குள் போகும்வரை.

ஊரில் எங்களுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. சூடு அடித்து முடிந்ததும் வைக்கோலைப் போராக்குவோம். கட்டித் தூக்க வேண்டுமென்றால் வைக்கோலையே முறுக்கிப் புரியாக்கிக் கட்டுவோம். கட்டும் தீன், கட்டிய புரியும் தீன். அப்படியே தூக்கி மாட்டின் முன் போட்டால் எதுவும் மிஞ்சாது. அந்தப் பழக்கத்தோடுதான் நாங்கள் இங்கு வந்தோம். ஆனால் சந்தைப் பக்கம் திரியும் மாடுகள் சொப்பிங் பையைத் தின்று, வயிறு ஊதிச் செத்த கதையை ஊரிலும் கேட்டிருக்கிறோம். இந்த வலையும் அதே பொலித்தீன் இனந்தான் என்பது அப்போது எங்கள் புத்தியில் படவில்லை.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

மாடு ஆட்டைப் போல நுனி உதட்டால் பொறுக்கித் தின்பதில்லை. நாக்கால் வளைத்து இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். பின்னர் ஆறுதலாகப் படுத்திருந்து அசைபோடும். அதனால் புல்லோடு பின்னிக் கிடக்கும் வலையைப் பிரித்துத் துப்ப அதனால் முடியாது.

மாட்டின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறை மட்டும் 150 லீற்றருக்கு மேல் கொள்ளும். அங்கே உள்ள நுண்ணுயிர்கள் புல்லைக் கரைத்துச் சத்தாக்குகின்றன. கற்றாழை நார்க் கயிறு தாவரப் பொருள் என்பதால் அதையும் அவை பெருமளவுக்குக் கரைத்துவிடும். வலையை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. வட டகோட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றைச் சிறு பைகளில் இட்டு மாட்டின் முதல் வயிற்றுக்குள் வைத்துச் சோதித்தார்கள். நார்க் கயிறு கரையத் தொடங்கியிருந்தது. வலை போட்டபடியே கிடந்தது.

கரையாத வலை அடுத்த அறைக்குப் போகும் ஒடுக்கமான வாசலைத் தாண்டுவதும் கடினம். ஆகவே இன்றைக்கு ஒரு முழம், நாளைக்கு ஒரு சாண் என்று உள்ளேயே சேர்கிறது. அசைவில் உருண்டு, புல்லையும் சேர்த்துப் பிடித்து, இறுகிய பந்தாகிறது. ஆணி, கம்பித்துண்டு போன்றவற்றை விழுங்கும் மாடுகளுக்காக வயிற்றுக்குள் ஒரு காந்தத்தைச் செலுத்தி வைக்கும் வழக்கம் இங்கு உண்டு. இரும்பைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்ரிக்கைப் பிடிக்க ஒன்றும் இல்லை.

இதில் மோசமான விடயம், இன்று தின்ற வலைக்கு நாளை நோய் வராது. மாதங்கள் போகலாம். மாடு மெலியும், தீன் குறையும், வயிறு மட்டும் நிறைந்தது போலத் தோன்றும், சாணம் குறையும். இந்தக் குறிகள் வேறு பல நோய்களுக்கும் உண்டு. பெரும்பாலும் மாடு செத்து, வயிற்றைத் திறந்த பிறகுதான் காரணம் தெரிகிறது.

எங்கள் முதற் பனிக்காலம்

கிழக்கு ஒன்ராறியோவில் ஓர் இறைச்சி மாட்டுப் பண்ணையில் நாங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்திருந்தோம். தங்க இடம், பிள்ளைகளுக்கு வாசலில் வந்து நிற்கும் பள்ளிக்கூட பஸ், கையில் சம்பளம். இதை இழக்கக்கூடாது என்ற பயம் எந்நேரமும் எங்களோடு இருந்தது. தை மாதத்தில் ஒருநாள் முதலாளி வெளியூர் போயிருந்தார். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 27 பாகை. இருட்டுவதற்குள் நான்கு கட்டு போட வேண்டும். மேற்பக்க வலை வந்துவிட்டது. நிலத்தில் கிடந்த பக்கம் மட்டும் புல்லும் வலையும் பனிக்கட்டியுமாக ஒரே பலகையாய் உறைந்திருந்தது. விரல்கள் மரத்துப் போயின. வந்த மட்டும் வலையை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தோடு கட்டைத் தள்ளிவிட்டோம். "பனி உருகினால் தானே கழன்றுவிடும்" என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டோம். மறுநாள் மாடுகள் நன்றாக நின்றன. அது போதும் என்றிருந்தது. அந்தப் பனிக்காலத்தில் அப்படி இன்னும் சில தடவை செய்தோம்.

பனி கரையும் பருவத்தில், கன்று போட நாளிருந்த ஒரு பசு தீனை விட்டது. முதுகெலும்பு தெரிந்தது, வயிறு குறையவில்லை. கால்நடை வைத்தியர் வந்து மருந்து கொடுத்தார். அறுவைச் சிகிச்சை செய்யலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் நாள் அது விழுந்துவிட்டது. வயிற்றைத் திறந்தபோது வைத்தியர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தெடுத்தது, உரித்த தேங்காய் இரண்டைச் சேர்த்தது போன்ற ஒரு வலைப்பந்து. வயிற்றில் கன்று இருந்தது.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அன்றிரவு சாப்பிடவும் இல்லை. மறுநாள் காலையில் முதலாளியிடம் போய், தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னோம். வேலை போய்விடும் என்றே நினைத்தோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, அந்தப் பசுவுக்கு ஒன்பது வயது, அந்த வலையில் தன்னுடைய கையால் போனதும் இருக்கும் என்றார். யாருடைய வலை என்று இனி எவராலும் சொல்ல முடியாது. அவர் கோபித்திருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்று மாலை மூவருமாக நின்று, இனி வலை எப்படிக் கழற்றுவது என்று ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். அதையே கீழே தருகிறோம்.

நாங்கள் கைக்கொள்ளும் முறை

1. வலையை வேலிக்கு வெளியே கழற்ற வேண்டும். மாடுகளுக்கு நடுவே கட்டைக் கொண்டுபோனால், நாம் ஒரு பக்கம் உரிக்க அவை மறுபக்கம் தின்னத் தொடங்கிவிடும்.

2. கட்டை அதன் தட்டையான முகத்தில் நிமிர்த்தி வையுங்கள். அப்போது அது உருளாது. வலை முழுவதும் நிற்கும் பக்கத்தைச் சுற்றி இருக்கும். மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் வெட்டி, சாரத்தை அவிழ்ப்பது போலச் சுற்றி வந்து இழுத்தால் ஒரே துண்டாக வரும். கண்டபடி பல இடத்தில் வெட்டினால் துண்டுகள் தப்பிவிடும்.

3. கத்தி சிவப்பு அல்லது செம்மஞ்சள் நிறமாக இருக்கட்டும். கயிற்றில் கட்டி உடுப்போடு கொளுவி வையுங்கள். புல்லுக்குள் தொலைந்த கத்தியும் மாட்டின் வயிற்றுக்குள்தான் போகும்.

4. உறைந்த கட்டை, முடிந்தால், முதல் நாளே கொட்டிலுக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும். முடியாவிட்டால் கோடரியின் பின்பக்கத்தால் பனியைத் தட்டி உடைக்கலாம். அப்படியும் வராவிட்டால், அந்தப் பனிப் பலகையைப் புல்லும் வலையுமாகச் சேர்த்தே கொத்தி எடுத்து அப்புறப்படுத்துங்கள். பத்துப் பதினைந்து கிலோ புல் வீண்தான். அது ஒரு பசுவின் ஒருநாள் தீன். பசு ஒன்றின் விலையோ சில ஆயிரம் டொலர்.

5. எடுத்த வலையை விரித்துப் பாருங்கள். கட்டின் அகலத்துக்கு அது முழுமையாக இருக்க வேண்டும். மூலை குறைந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் வேலையை முடிக்காதீர்கள்.

6. அடுத்த ஆண்டுக்கான வேலை இலையுதிர் காலத்திலேயே தொடங்குகிறது. கட்டுகளை ஈரநிலத்தில் விடாமல் சல்லி போட்ட மேட்டிலோ பழைய மரத்தட்டுகளின் மேலோ அடுக்கினால் அடிப்பக்கம் உறைவது மிகவும் குறையும்.

இயந்திரத்தில் அரைத்துத் தீன் கொடுக்கும் பண்ணைகளில் சிலர் வலையோடு சேர்த்தே அரைத்துவிடுவார்கள். அரைத்தால் வலை இல்லாமற் போவதில்லை. சிறு துண்டுகளாகி, மாட்டால் விலக்கவே முடியாதபடி தீனோடு கலந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

உங்கள் உயிரும் பெரிது

உழவு இயந்திரம் தூக்கிப் பிடித்திருக்கும் கட்டின் கீழே கையையோ காலையோ நீட்டாதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, பிரேக் போட்டு, கட்டு நிலத்தில் இருந்த பின்பே கிட்டப் போங்கள். சரிவான நிலத்தில் கட்டை உருளும் வாக்கில் விடாதீர்கள். 2010 செப்டெம்பரில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், சரிவில் உருண்டு வந்த ஏறத்தாழ 600 கிலோ எடையுள்ள கட்டு வீதியில் போன வாகனத்தில் மோதி, அதை ஓட்டிச் சென்ற மைக் எட்வேர்ட்ஸ் என்ற இசைக் கலைஞர் உயிரிழந்தார். பிள்ளைகள் கட்டுகளின் மேல் ஏறி விளையாட ஆசைப்படுவார்கள். அனுமதிக்க வேண்டாம்.

கழற்றிய வலையைக் களத்தில் விட்டால், கன்றுகளின் காலில் சுற்றும். உழவு இயந்திரத்தின் சுழலும் தண்டிலும் சுற்றும். எரிப்பதும் கூடாது, அந்தப் புகை நஞ்சு. ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள். கனடாவில் விவசாய பிளாஸ்ரிக்கைச் சேகரிக்கும் இடங்கள் பல பகுதிகளில் உண்டு. உங்கள் நகரசபையில் விசாரித்தால் சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. எங்களைப் போலப் புதிதாக வந்தவர்களுக்கு, "முடியவில்லை" என்று முதலாளியிடம் சொல்வது பெரிய பாரம். மொழி இடறும், வேலை போய்விடுமோ என்ற பயம் வாயை அடைக்கும். ஆனால் "வலை உறைந்து கிடக்கிறது, இன்னும் அரை மணி நேரம் வேண்டும்" என்று சொல்வதில் தவறில்லை. நல்ல முதலாளி அந்த அரை மணி நேரத்தின் பெறுமதியை அறிவார். அறியாதவருக்கு, அவருடைய மாட்டின் விலையைக் கொண்டு விளங்கப்படுத்தலாம். அன்று நாங்கள் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயில்லாத சீவன் ஒன்று எங்கள் மௌனத்துக்கும் சேர்த்து விலை கொடுத்தது என்ற எண்ணம் எங்களை விட்டுப் போகவில்லை.

தொலைபேசியில் கேட்ட குடும்பத்தினருக்கு எங்கள் பதில் இதுதான்: ஆம், முழுதாகவே கழற்றுங்கள். கை விறைத்தால் உள்ளே போய்ச் சூடாகத் தேநீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தைக் கழற்றுங்கள்.

அடுத்த இதழில், பனிக்காலத்தில் பிறக்கும் கன்றின் காதையும் வாலையும் குளிரிலிருந்து காப்பது எப்படி என்று எழுதுவோம். உங்கள் அனுபவங்களையும் எழுதி அனுப்புங்கள். மீண்டும் சந்திப்போம்.