வெள்ளை மனசும் கறாரான கணக்கும்

மே மாதம் பிறந்தால் ஏற்காட்டில் இரண்டு காரியங்கள் தவறாது. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும். ஏதாவது ஒரு மேடையில் அந்தப் பேச்சும் நடக்கும். பேசுகிறவர் மாறுவார், பேச்சு மாறாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வாந்தியை அடக்கிக்கொண்டு கடந்து வந்தவர், பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பிப்பார். மலை மக்கள் ஆதிகாலந்தொட்டு வெள்ளை மனசுக்காரர்கள். கணக்குப் பார்க்காமல் ஒருவருக்கொருவர் உதவுகிறவர்கள். கீழே நகரத்தில் மனிதநேயம் செத்துவிட்டது. இந்த மனசு இருக்கும்வரை எந்தப் புயலும் எந்தக் கொள்ளை நோயும் இவர்களை அசைக்காது. கைதட்டல், தேநீர், வண்டி, இறக்கம்.

2024 டிசம்பருக்குப் பிறகு இந்தப் பேச்சுக்கு மவுசு கூடிவிட்டது. நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், அதோடு ஓயாமல் உள்ளே நகர்ந்து வந்து கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். எங்கள் சேர்வராயன் மலையிலும் பேய்மழை. பாதையில் மண் சரிந்தது, மரம் விழுந்தது, போக்குவரத்து நின்றது. அந்த நாட்களில் நாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்பதை இங்கே இல்லாதவர்கள் எங்களுக்கே எடுத்துச் சொல்கிறார்கள். பொறுத்தது போதும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

முதலில், ஆதிகாலம். இந்த மலையின் மூத்த குடிகளான மலையாளிப் பழங்குடியினரே தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றுதான் கதை சொல்கிறார்கள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகப் பெருக, சமவெளியிலிருந்து வேலைக்கு ஆட்கள் வந்து லயன் வீடுகளில் குடியேறினார்கள். வேறு வேறு ஊர், வேறு வேறு சாதி. நடுவில் ஒரே ஒரு சுவர். ஆதிகாலத்து மனசெல்லாம் யாரும் மூட்டை கட்டிக்கொண்டு வரவில்லை. அடுத்த வீட்டில் யார் என்றே தெரியாமல் வந்து இறங்கியவர்கள், தேவைக்காகப் பழகிக்கொண்டார்கள்.

இரண்டாவது, நகரத்தில் மனிதநேயம் செத்த கதை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது தெருவுக்குள் படகு ஓட்டி வந்த மீனவர்கள் எந்த மலையிலிருந்து இறங்கினார்கள்?

மூன்றாவதுதான் எனக்குப் பல வருடமாகத் தீராத எரிச்சல்: நாங்கள் கணக்குப் பார்ப்பதில்லையாம்.

ஐயா, இந்த மலையில் கணக்குப் பார்க்காமல் ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூடக் கைமாறுவதில்லை.

காப்பிக் களத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை பழம் எடுப்பு. சிறு விவசாயி பறித்த பழத்தைக் களத்தில் பரப்பிக் காயவைப்பார். பாதி காய்ந்தது நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், விலை விழும், வருஷத்து உழைப்பு போகும். அதனால் மேகம் கறுத்தவுடன் யார் களம் என்று யாரும் விசாரிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஓடுகிறார்கள். ஒருவர் பலகையால் இழுத்துக் குவிக்கிறார், இருவர் தார்ப்பாயின் இரண்டு நுனியைப் பிடிக்கிறார்கள், பிள்ளைகள் சாக்கின் வாயை விரித்துப் பிடிக்கிறார்கள். இதைப் பார்த்தால் நம் பேச்சாளர் கண்கலங்குவார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் போனபிறகு, நனைந்த தலையோடு திண்ணையில் உட்கார்ந்து நடக்கும் பேச்சை அவர் கேட்டதில்லை.

"அவ வந்தாளாக்கா?"

"வந்தா. எல்லாம் அள்ளி முடிச்ச பொறவு வந்தா."

"மவன் வூட்லதானே இருந்தான்?"

"இருந்தான், இருந்தான். போனைப் பாத்துக்கிட்டு இருந்தான்."

முடிந்தது. பதிவாகிவிட்டது. அந்த வீட்டுக் களத்தில் மழை விழும் நாளில் ஓடுகிற கால்களின் வேகம் கொஞ்சம் குறையும். யாரும் நின்றுவிட மாட்டார்கள். வேகம் மட்டும் குறையும். அந்தக் குறைவு எவ்வளவு என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கினவருக்கும் தெரியும்.

அடுப்படியிலும் இதே சட்டம்தான். கடனாக வாங்கிய அரிசியைத் திருப்பும்போது டம்ளரைத் தலைதட்டித் தரக் கூடாது, கூம்பாக நிறைத்துத் தர வேண்டும். குழம்பு வந்த கிண்ணம் வெறுமனே திரும்பிப் போகக் கூடாது. இரண்டு ஆரஞ்சோ ஒரு பிடி கீரையோ அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். புயல் வந்து மின்சாரம் போனபோது இன்வெர்ட்டர் இருந்த வீடுகளில் தெருவின் கைபேசிகள் எல்லாம் வரிசையாகப் படுத்து சார்ஜ் ஏறின. இன்வெர்ட்டர்காரர் பெருந்தன்மை கொண்டவர்தான், மறுக்கவில்லை. அடுத்த வாரம் அவர் வாசலில் விழுந்த கிளையை வெட்டிப் போட ஆள் தேடி அவர் எங்கும் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் 1925இல் கொடையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கொடுப்பது, வாங்குவது, திருப்பித் தருவது மூன்றுமே கடமைகள் என்று அதில் விளக்கினார். எங்கள் கிழவிகள் இதைத் தெரிந்துகொள்ளப் பாரிஸ் போகவில்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைத்து, யார் எவ்வளவு என்று நோட்டில் எழுதியே வாங்குகிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் வெள்ளை மனசு என்று கண்ணீர் விடுவதில்லை, விவரமானவர்கள் என்கிறார்கள். நோட்டைத் தலைக்குள் வைத்திருப்பதால் நாங்கள் மட்டும் அப்பாவிகளாகிவிட்டோம்.

கணக்கு இருப்பதில் என்ன கேவலம்? திருப்பித் தர வழியில்லாத உதவிதான் மனிதரைக் குறுக வைக்கும். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். அந்த வருடக் கோடை சீசன் அப்படியே போனது. ஏரிக்கரை பஜ்ஜிக் கடை, லாட்ஜ் பையன்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் வருமானம் பூஜ்யம். அரிசி கார்டுக்கு அரசு கொடுத்தது ஆயிரம் ரூபாய். செப்டம்பரில் மாநிலத்துக்குள் மற்ற ஊர்களுக்கு இ-பாஸ் வேண்டாம் என்றான பிறகும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றுக்கும் அது தொடர்ந்தது. அத்தனை மாதம் எங்கள் தெருவை ஓட்டியது மளிகைக்கடைக்காரரின் கடன் நோட்டு. அது தர்மமில்லை, கடன்; அதனால்தான் தலைநிமிர்ந்து போய் வாங்க முடிந்தது. நடுவில் ஒரு வேன் வந்தது. பொட்டலம், பேனர், புகைப்படம். தெருக்கோடிப் பாட்டி ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு, "இவங்க வூடு எங்க இருக்குதுன்னே தெரியாது. நான் எங்க போயித் திருப்பிச் செய்யறது?" என்றாள். பாட்டிக்குப் பொட்டலம் கிடைக்காமல் போனது. பேனரில் அவள் முகம் வராமல் தப்பித்தது.

நாலாவது, இந்த மனசு இருக்கும்வரை எதுவும் எங்களை அசைக்காதாம். இது வெறும் புகழ்ச்சி என்று விட்டுவிடலாம் என்றால், இதில்தான் விஷம் இருக்கிறது.

தோட்டத்துக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளை லயனில் ஒரு வயதானவள் பார்த்துக்கொள்கிறாள். பேச்சாளருக்கு அது தாய்மை. ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்தாக வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அந்தக் காப்பகம் எங்கே என்று கேட்க வேண்டிய இடத்தில் அவருக்குத் தொண்டை அடைக்கிறது. பாதை இல்லாத மலைக் கிராமங்களில் கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி, நோயாளியை நாலு பேர் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமக்கிறார்கள். பேச்சாளருக்கு அதுவும் மனிதநேயம். தூக்குகிறவர்களைக் கேட்டால் தோள்பட்டை வலியைத்தான் சொல்வார்கள்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதை இல்லாததால் பாதியிலேயே இறக்கிவிட, தாய் கையில் ஏந்திக்கொண்டு நடந்தாள். அல்லேரியில் நல்ல மனசுக்குப் பஞ்சமா? பக்கத்து வீட்டார் இல்லையா? பாதைதான் இல்லை.

அண்டை வீட்டு உதவி ஒரு டம்ளர் அரிசி வரைக்கும் வரும், ஒரு தார்ப்பாய் வரைக்கும் வரும், சரிந்த மண்ணை மண்வெட்டியால் ஒற்றையடிப் பாதை அளவுக்கு ஒதுக்குவது வரைக்கும் வரும். அதற்குமேல் ஜேசிபி வேண்டும், தடுப்புச் சுவர் வேண்டும், இரவிலும் மருத்துவர் இருக்கிற ஆஸ்பத்திரி வேண்டும். இவற்றைத் தர வேண்டியவர்களுடனும் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. வரியும் ஓட்டும் வாங்கியிருக்கிறார்கள். அவர்களிடமிருந்து இதுவரை எங்கள் கிண்ணம் வெறுமனேதான் திரும்பி வந்திருக்கிறது.