வீட்டுக்கு டக்ட் ஏசி தேவையா?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் புது வீடு கட்டும் நண்பர்கள் சிலர், "ஹோட்டல் மாதிரி டக்ட் ஏசி வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில்.

ராஜபாளையத்துக்கு டக்ட் புதிதல்ல. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லுக்குப் பிறகு இங்கே நூற்பாலைகள் பெருகின. நூல் அறாமலிருக்க ஈரக்காற்றை ஆலைக்குள் கொண்டுசெல்வது தகட்டு டக்ட்தான். அதில் படியும் பஞ்சுத் தூசியை எடுக்காமல் விட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அதனால் ஆலையில் ஆள் போட்டுச் சுத்தம் செய்கிறார்கள். வீட்டில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏறித் துடைப்பது யார்?

கசிவும் உண்டு. சாதாரண வீட்டு டக்டில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வீணாகிறது என்கிறது அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம். காசு கொடுத்துக் குளிர்வித்த காற்று அது!

படுக்கையறைக்கு ஒரு ஸ்ப்ளிட் ஏசி, மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு, சுவர் உச்சியில் வென்டிலேட்டர் போதும். ஆடி மாதம் மலைக்காற்று பாதி வேலையைப் பார்த்துவிடும்.

டக்ட்தான் வேண்டுமென்றால், இன்சுலேஷனைக் குறைக்காதீர்கள். இல்லையென்றால் வியர்த்துச் சொட்டும். இணைப்புகளில் துணி டேப் நிற்காது, மாஸ்டிக் பூசுங்கள். கைவிட்டுத் துடைக்க ஆங்காங்கே கதவு வையுங்கள். கை எட்டாத டக்ட் வீட்டுக்கு ஆகாது.