வெள்ளத்தில் காப்பாற்றும் லொகேஷன், போரில் காட்டிக்கொடுக்கும்: ராணுவ ரகசிய விதிகள் எதற்கு?

2023 டிசம்பர் 17 இரவு. சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நின்றுபோனது. உள்ளே சுமார் 800 பயணிகள். எங்கே, எத்தனை பேர், எவ்வளவு நேரமாக? இந்த மூன்று தகவலும் சீக்கிரம் வெளியே போவதுதான் அன்று அவர்களுக்கு நல்லது. ஹெலிகாப்டரில் உணவும் வந்தது.

அதுவே வீரர்கள் போகும் ரயிலாக இருந்தால்? எதிரி தேடுவதும் இதே மூன்று தகவலைத்தான்.

அதனால்தான் ராணுவம் தகவலை அடுக்கடுக்காகப் பாதுகாக்கிறது. கேட், கதவு, பீரோ என்று வீட்டில் தனித்தனிப் பூட்டு போடுகிறோமே, அதுபோல. ஒன்று உடைந்தாலும் அடுத்தது தாங்கும்.

முதல் அடுக்கு சட்டம். 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டப்படி, ராணுவம் தொடர்பான உளவுக்கு 14 ஆண்டுகள் வரை சிறை. இரண்டாவது, வேலைக்குத் தேவையானவருக்கு மட்டுமே தகவல். மூன்றாவது தொழில்நுட்பம். நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படைத் தளம், நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. ரேடியோ அலையை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். எனவே செய்தியைச் சங்கேதமாக்கினால்தான் பாதுகாப்பு.

நான்காவது அடுக்கு மனிதர். இங்கேதான் சிக்கல்.

2017-இல் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சி ஆப் வெளியிட்ட வரைபடத்தில், வீரர்கள் ஓடிய பாதைகளை வைத்தே ராணுவ முகாம்கள் தெரிந்தன. யாரும் ஹேக் செய்யவில்லை. 2019 டிசம்பரில், சமூக ஊடக ஹனி டிராப்பில் சிக்கித் தகவல் கொடுத்ததாகக் கடற்படையினர் 7 பேர் கைதானார்கள். உடனே கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்குத் தடை வந்தது. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்பட 89 ஆப்களை நீக்கச் சொன்னது தரைப்படை. இதை எதிர்த்து ஓர் அதிகாரி டெல்லி உயர் நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடியானது.

தடை தேவைதான். ஆனால் தடை மட்டும் போதுமா? வீரரின் போனில் ஆப் இல்லை. ஊரில் இருக்கும் அண்ணன் போனில் இருக்கிறதே! ‘தம்பி இன்னைக்கு லே கிளம்பிட்டான்’ என்று போட்டோவோடு ஒரு ஸ்டேட்டஸ். அவ்வளவுதான், நான்கு அடுக்கும் வீண். ராணுவ உத்தரவு அண்ணனைக் கட்டுப்படுத்தாது. புரிய வைத்தால்தான் உண்டு. விடுமுறைக்கு வரும் வீரர் வழியாகவோ, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவோ, குடும்பங்களுக்கு எளிய தமிழில் இதைச் சொல்ல வேண்டும். பாசத்தில் போட்ட பதிவுக்கு வீரரை மட்டும் தண்டிப்பது தீர்வாகாது.

எதையும் பேசக்கூடாது என்பதல்ல இதன் பொருள். வெள்ளத்தில் சிக்கினால் லொகேஷனைத் தாராளமாகப் பகிருங்கள். சீருடை அணிந்தவர் படத்தில் இருந்தால் மட்டும் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள்: எங்கே, எத்தனை பேர், எப்போது என்பது இதில் தெரிகிறதா? தெரிந்தால், அந்தப் படம் கேலரியிலேயே இருக்கட்டும்.