அத்தையும் நாலு ரிமோட்டும்

சென்ற மாதம் ஒரு நாள் காரியாலயத்திலிருந்து சற்றுச் சீக்கிரமாகவே வீடு திரும்பினேன். பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். கூடத்தில் அத்தை, அதாவது என் மாமியார், டெலிவிஷனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அது அவருடைய தொடர் நடக்கும் நேரம். ஆனால் திரையில் தொடரைக் காணோம். யார் யாரோ நடிகர்களின் முகங்கள் கட்டம் கட்டமாக, அசையாமல் நின்றன. அத்தையின் மடியில் நாலு ரிமோட்டுகள் வரிசையாகக் கிடந்தன.

"என்ன அத்தை, இன்றைக்குத் தொடர் பார்க்கவில்லையா?" என்று கேட்டேன்.

"என்னவோ, பார்க்கத் தோன்றவில்லை அம்மா" என்றார்.

இது சுத்தப் பொய் என்பது எனக்குத் தெரியும். அன்று அந்தத் தொடரின் கதாநாயகிக்குக் கல்யாணம். "பார்த்துக் கொண்டே இரு, தாலி கட்டுகிற சமயத்தில் ஏதாவது விக்கினம் வரும்" என்று முதல் நாள் இரவு எங்கள் எல்லோரிடமும் ஆரூடம் சொன்னவர் அவர்தான்.

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. எங்கள் பையன் இரவில் 'ஸ்டிக்' வழியாகச் சினிமா பார்த்துவிட்டு, டெலிவிஷனை அப்படியே விட்டுவிடுகிறான். மறுநாள் அத்தை செட்-டாப் பெட்டியின் ரிமோட்டில் சானல் எண்ணை எத்தனை தடவை அழுத்தினாலும் பலனில்லை. டெலிவிஷன் அந்தப் பெட்டியைப் பார்க்காமல் ஸ்டிக்கையே பார்த்துக் கொண்டிருக்கிறது! அந்த வாரத்தில் மட்டும் மூன்று நாள் இப்படி நடந்ததாம்.

"எனக்கு ஒரு போன் செய்திருக்கக் கூடாதா?"

"வேலையாக இருக்கிறவளை இதற்கா கூப்பிடுவது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எட்டுப் பேர் கொண்ட குடும்பத்தை இரண்டு அறை வீட்டில் கட்டி ஆண்டவர் அவர். பகல் முழுவதும் தனியாக இருக்கும் அவருக்கு இருக்கிற ஒரே துணையை, நாலு பிளாஸ்டிக் கட்டைகள் பிடுங்கிக் கொண்டுவிட்டன.

சனிக்கிழமையே ரிச்சி தெருவுக்குப் போனேன். "எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட் வேண்டும்" என்றேன். கடைக்காரர் 'யுனிவர்சல்' என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எட்டுக் கருவிகளை ஆளக் கூடியது என்றார். ஐம்பதுக்குக் குறையாத பொத்தான்கள். வீட்டுக்கு வந்து, சின்ன எழுத்துப் புத்தகத்தைப் பார்த்து ஒரு மாலை முழுவதும் எண்களை அழுத்தினேன். டெலிவிஷன் அடங்கியது; செட்-டாப் பெட்டியும் வழிக்கு வந்தது. சவுண்ட்பாருக்குச் சத்தம் மட்டும் ஏறி இறங்கியது. ஸ்டிக்கோ அசைந்தே கொடுக்கவில்லை. அத்தை அந்த ஐம்பது பொத்தான்களையும் பார்த்து, "இதற்கு அந்த நாலே தேவலை" என்றார்.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்து கொண்டேன். வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை இவை. உங்களுக்காவது பயன்படட்டும்.

முதலில், ரிமோட்டுகள் எல்லாம் ஒரே பாஷை பேசுவதில்லை. 1956-ல் அமெரிக்காவில் ஜெனித் கம்பெனிக்காக ராபர்ட் ஆட்லர் அமைத்த ரிமோட்டில் பாட்டரி கூடக் கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும்; மனிதர் காதுக்கு எட்டாத அந்த ஒலியைக் கேட்டு டெலிவிஷன் கீழ்ப்படியும். பொத்தான்கள் மொத்தம் நாலே நாலு! பிறகு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வந்தது. இன்றும் பெரும்பாலான டெலிவிஷன், செட்-டாப் பெட்டி ரிமோட்டுகள் இந்த ஒளியால்தான் பேசுகின்றன. ஆனால் ஸ்டிக் போன்ற புதுக் கருவிகள் பலவும் புளூடூத் என்ற ரேடியோ அலையில் பேசுகின்றன. ஒளி பேசும் சாதாரண யுனிவர்சல் ரிமோட்டுக்கு அந்தப் பாஷை தெரியாது.

உங்கள் வீட்டில் எது எந்த ரகம் என்று தெரிய வேண்டுமா? செல்போன் காமிராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதா வெளிச்சம் மினுக்கினால் அது ஒளி ரகம். பின்பக்கக் காமிராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் காமிராவில் பாருங்கள். ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்ப்பது நல்லது. எங்கள் ஸ்டிக் ரிமோட்டில் சத்தப் பொத்தானுக்கு வெளிச்சம் வந்தது. அம்புப் பொத்தானுக்கு வரவில்லை. ஒரே ரிமோட்டுக்குள் இரண்டு பாஷை!

இரண்டாவதாக, கடைக்குக் கிளம்புமுன் கையில் இருப்பதைச் சோதியுங்கள். செட்-டாப் பெட்டி ரிமோட்டுகள் சிலவற்றில், டெலிவிஷனின் சத்தத்தையும் 'ஆன்-ஆஃப்' பொத்தானையும் கற்றுக் கொள்ளும் வசதி முன்பே இருக்கிறது. சவுண்ட்பாரை எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்திருந்தால், டெலிவிஷனின் அமைப்புப் பட்டியலில் சி.இ.சி. என்ற வசதியைத் தேடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அதற்கு வேறு வேறு பெயர் உண்டு. அதை இயக்கிவிட்டால், டெலிவிஷன் விழிக்கும்போது சவுண்ட்பாரும் விழிக்கும், தூங்கும்போது தூங்கும். காலணாச் செலவில்லாமல் ஒரு ரிமோட் ஒழிந்தது.

மூன்றாவதாக, யுனிவர்சல் ரிமோட்டிலும் ஜாதிகள் உண்டு. எண்ணை அழுத்திப் பழக்குவது ஒன்று. பழைய ரிமோட் உடைந்தோ தொலைந்தோ போயிருந்தால் இதுதான் வழி. ஆனால் உங்கள் கருவி அதன் பட்டியலில் இருக்க வேண்டும். பழைய ரிமோட்டை எதிரே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பது மற்றொன்று. பழைய ரிமோட் வேலை செய்கிற வீட்டுக்கு இதுவே உத்தமம்.

ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் எழுப்பும் ரகமும் இருக்கிறது. அதில் ஒரு சங்கடம் கேளுங்கள். பல கருவிகளுக்கு எழுப்பவும் அணைக்கவும் ஒரே சமிக்ஞைதான். பெட்டி ஏற்கெனவே விழித்திருந்தால், நீங்கள் எழுப்ப அனுப்பிய கட்டளை அதைத் தூங்க வைத்துவிடும்! இதைச் சமாளித்துப் பெயர் வாங்கிய ஹார்மனி ரிமோட்டுகளின் தயாரிப்பைக்கூட லாஜிடெக் கம்பெனி 2021-ல் நிறுத்திவிட்டது.

கடைசியில் நான் வாங்கியது என்ன தெரியுமா? ஏழெட்டுப் பொத்தான்களே உள்ள, பாடம் கற்றுக் கொள்ளும் சாதாரண ரிமோட். ஒவ்வொரு பொத்தானும் கொட்டைப் பாக்கு அளவு இருக்கும். இதன் சௌகரியம், ஒவ்வொரு பொத்தானுக்கும் வேறு வேறு குருவை வைக்கலாம் என்பது. ஆன்-ஆஃப் டெலிவிஷனிடமிருந்து, சானல் செட்-டாப் பெட்டியிடமிருந்து, சத்தம் சவுண்ட்பாரிடமிருந்து என்று கற்றுக் கொடுத்தேன். பெட்டியை எழுப்ப ஒரு பொத்தான். மிச்சமிருந்த ஒன்றுக்கு, டெலிவிஷனைப் பெட்டிக்கும் ஸ்டிக்குக்கும் மாற்றி மாற்றித் திருப்பும் கட்டளையைக் கற்றுக் கொடுத்து, அதன் மேல் என் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன்.

"படம் வராவிட்டால் பொட்டை அழுத்துங்கள் அத்தை. பெட்டி வருகிற வரையில் விட்டு விட்டு அழுத்துங்கள்" என்றேன். அவ்வளவுதான் பாடம். ஸ்டிக்கின் ரிமோட் பையனிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எட்டுக் கருவிகளை ஆளுகிறதா என்று கடையில் கேட்டது என் தவறு. வீட்டில் அதிகமாகத் தவிக்கிறவர் யார், அவருக்கு எத்தனை பொத்தான் தேவை என்று கேட்டிருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பாட்டரி மாற்றினால் கற்ற பாடம் மறந்து போகுமா என்று கடையிலேயே கேட்டுக் கொள்ளுங்கள். சில மலிவு ரிமோட்டுகளுக்கு அந்த வியாதி உண்டு. பழைய ரிமோட்டுகளை எறிந்துவிடாதீர்கள். பாட்டரியை எடுத்துவிட்டு ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். மறுபடியும் பாடம் நடத்த வேண்டி வந்தால் வாத்தியார் வேண்டுமல்லவா?

போன புதன்கிழமை பிற்பகல் காரியாலயத்தில் என் போன் அடித்தது. அத்தை! வேலை நேரத்தில் ஒரு நாளும் கூப்பிடாதவராயிற்றே என்று பதறிப் போய் எடுத்தேன்.

"கல்யாணம் நின்று போய்விட்டது அம்மா! நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா?" என்றார்.

நல்ல வேளை, தொடர்களில் ஒரு கல்யாணம் மாதக் கணக்கில் நடக்கிறது.