முப்பது நாள்களும் தலைநகரத் தமிழரும்

பத்திரிகையின் உட்பக்கத்தில், கேள்விப்பத்திர அறிவித்தல்களுக்கும் காணி விளம்பரங்களுக்கும் நடுவே, சிறிய எழுத்தில் ஓர் அறிவித்தல் அவ்வப்போது வெளிவருகிறது. இன்ன இடத்தில் இன்ன திட்டம் மேற்கொள்ளப்படவிருக்கிறது, அதன் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை இன்ன இன்ன அலுவலகங்களில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது, பொதுமக்கள் தமது கருத்துகளை 30 நாள்களுக்குள் எழுத்தில் தரலாம் என்பது அதன் சாரம். ஓர் அரசாங்கம் சாதாரண மனிதனைப் பார்த்து “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்கும் மிகச் சில சந்தர்ப்பங்களுள் இது ஒன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எம்மக்களுள் அதை வாசிப்பவர் சிலர். பதில் எழுதுபவர் அவர்களிலும் சிலர்.

இந்த உரிமை யாரோ ஓர் அதிகாரியின் பெருந்தன்மையால் வந்ததன்று. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம், 1988இல் 56ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டபோது இது சட்டமாகியது. அறிவித்தல் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் ஒவ்வொரு பத்திரிகையிலும் வெளிவர வேண்டும். பொதுமக்களில் எவரும் கருத்துச் சொல்லலாம். காணிச் சொந்தக்காரராக இருக்கவேண்டிய அவசியமில்லை. திட்டம் நடைபெறும் ஊரவராகக்கூட இருக்கவேண்டியதில்லை. பொதுநலன் கருதி, கருத்துச் சொன்னவரை நேரில் அழைத்து விசாரிக்கவும் அனுமதி வழங்கும் நிறுவனத்துக்கு இடமுண்டு. எந்தெந்தத் திட்டங்களுக்கு இது பொருந்தும் என்ற பட்டியல் 1993 ஜூனில் வர்த்தமானியில் வந்தது. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை அழித்தல், நான்கு ஹெக்டேயருக்கு மேற்பட்ட சதுப்பு நிலத்தை நிரப்புதல், 100 குடும்பங்களுக்கு மேல் இடம்பெயர்த்தல், நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேற்பட்ட திண்மக் கழிவைக் கொட்டுதல் என்று அது நீளுகிறது. விமான நிலையம் அமைப்பதும், உள்ள நிலையத்தின் கொள்ளளவை 50 வீதமோ அதற்கு மேலோ கூட்டுவதும் அதில் உண்டு.

ஒன்றை இங்கே சொல்லாமல் விட முடியாது. 2000ஆம் ஆண்டில் சட்டம் மறுபடி திருத்தப்பட்டபோது, ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை எனப்படும் சிறிய ஆய்வுகளுக்கு இந்த 30 நாள் இல்லாமற் போயிற்று. அவ்வறிக்கையைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் கருத்து அழைக்கப்படுவதில்லை. உரிமைகள் இவ்வாறுதான் சத்தமின்றிச் சுருங்குகின்றன.

இருக்கின்ற 30 நாளையாவது எம்மவர் ஏன் பயன்படுத்துவதில்லை? அக்கறையின்மை என்று சொல்லிவிடுவது எளிது. அது நியாயமான பதிலன்று. கொழும்புத் தமிழருக்கும் அரசாங்கக் கடதாசிக்கும் இடையிலுள்ள உறவு ஒரு கசப்பான உறவு. போர்க்காலம் முழுவதும் இங்கு வாழ்ந்தவர்கள் பொலிஸ் பதிவுப் படிவத்தை நன்கறிவார்கள். வீட்டில் யார் யார், எந்த ஊர், எதற்காக வந்தார், எப்போது திரும்புவார் என்று கேட்ட படிவம் அது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜ்களிலிருந்து 370க்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. சில நாள்களில் பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். ஆயினும் அந்த நினைவு போய்விடவில்லை. பெயரும் முகவரியும் எழுதி, கையொப்பமிட்டு, அரசாங்கத் திட்டமொன்றைப் பற்றி மாற்றுக் கருத்துச் சொல் என்றால், எமது பெரியவர்கள் “ஏன் தம்பி வீண் வில்லங்கம்?” என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

அடுத்தது மொழி. அறிவித்தல் தமிழில் வருகிறது, உண்மை. அதை நம்பிப் போனால், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் மேசைமேல் கிடக்கும். தமிழில் கிடைத்தால் ஒரு சுருக்கம் கிடைக்கும். தமிழும் அரச கரும மொழியாகும் என்று 1987இன் 13ஆம் திருத்தம் சொல்கிறது. மண்ணின் இரசாயனமும் கடல் நீரோட்டமும் பற்றிய ஆங்கிலப் பக்கங்களை ஒரு மீனவச் சங்கத்தின் செயலாளர் 30 நாளில் வாசித்து விளங்கிக் கருத்தெழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது, கேட்காமல் விடுவதற்குக் கிட்டத்தட்டச் சமன்.

கேட்காமல் விட்டால் என்னவாகும் என்பதைக் கொட்டாஞ்சேனைக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. புளூமெண்டால் குப்பைமேட்டின் நாற்றத்தோடும் ஈயோடும் அப்பகுதி மக்கள் எத்தனையோ ஆண்டுகள் வாழ்ந்தார்கள். 2009இல் அங்கு கொட்டுவது நின்றபோது பெருமூச்சு விட்டார்கள். அந்தக் குப்பை மீதொட்டமுல்லைக்குப் போயிற்று. அங்கிருந்த மக்கள், பெரும்பாலும் அன்றாடக் கூலியில் வாழ்பவர்கள், இந்த மேடு ஒருநாள் சரியும் என்று ஆண்டுக்கணக்காக வீதியில் இறங்கிச் சொன்னார்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டும் பெரிய வெள்ளியும் ஒன்றாக வந்த அந்நாளில், அது சரிந்தது. 32 உயிர்கள் போயின. அடுத்ததாகக் கொழும்பின் குப்பைக்குப் புத்தளம் மாவட்டத்தின் அறுவாக்காடு தெரிவாயிற்று. 2018, 2019ஆம் ஆண்டுகளில் புத்தளத்து மக்கள் வீதியோரத்தில் மாதக்கணக்காக அமர்ந்து எதிர்ப்புக் காட்டினார்கள். நகரத்தின் வீட்டுக் குப்பை கிராமத்தவரின் தலையில் போய் விழுவதைப் பற்றி, நகரத்தில் வாழும் நாம் அந்த நாள்களில் கடிதம் எழுதியிருந்தால் அதற்கு வேறொரு பெறுமதி இருந்திருக்கும்.

குப்பைக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு, அதுவும் வெள்ளவத்தைக்கு மிக அண்மையில். குப்பை உள்ள இடத்தில் காகமும் பருந்தும் கொக்கும் கூடும். பறவை விமானத்தின் இயந்திரத்துள் அகப்பட்டால் விபத்து. ஆகவேதான் விமான நிலையத்திலிருந்து 13 கிலோமீற்றர் சுற்றுவட்டத்துள் குப்பைமேடு இருக்கலாகாது என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வழிகாட்டலாக இருந்து வந்துள்ளது. இரத்மலானை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 1990இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில-அத்திடிய சதுப்பு நிலம். அது பறவைகளின் வீடு, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கரதியான குப்பைமேடும் அதே அயலில்தான் இருக்கிறது. வெள்ளவத்தை முழுவதும் அந்த 13 கிலோமீற்றருக்குள் அடங்கும். 2022 மார்ச்சில் இரத்மலானையிலிருந்து சர்வதேச விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கின.

பறவை மோதல் பற்றிய தகவல்களை விமானிகளும் நிலையத்தாரும் பதிவு செய்கிறார்கள். அத்தகைய பதிவு யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வி அமெரிக்காவில் ஒருமுறை பகிரங்கமாகவே எழுந்தது. 2009 ஜனவரி 15ஆம் திகதி நியூயோர்க்கில் கிளம்பிய பயணிகள் விமானமொன்றின் இரு இயந்திரங்களிலும் காட்டு வாத்துகள் அகப்பட்டன. விமானி அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தனர். நாட்டில் இப்படி எத்தனை மோதல்கள் நடந்துள்ளன என்று மக்கள் கேட்கத் தொடங்கினர். 1990 முதல் சேர்த்துவைத்த பதிவேடு அந்நாட்டுச் சமஷ்டி விமான நிர்வாகத்திடம் இருந்தது. அதை மறைத்து வைப்பதே நல்லது, வெளியிட்டால் நிலையங்கள் முறைப்பாடு தரத் தயங்கும் என்று அந்நிர்வாகம் மார்ச்சில் யோசனை தெரிவித்தது. ஆனால் அந்நாட்டு முறைப்படி அந்த யோசனையையும் மக்கள்முன் வைத்துக் கருத்துக் கேட்டது. வந்த கருத்துகளில் பெரும்பாலானவை எதிராகவே இருந்தன. ஏப்ரல் மாதமே பதிவேடு முழுவதும் பகிரங்கமாயிற்று. ஏறக்குறைய ஒரு மாதத்தில் நடந்த மாற்றம் இது, சாதாரண மக்கள் எழுதிய கடிதங்களால்.

அந்நாட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. எமக்கு அது வேடிக்கையாகத் தோன்றலாம். பத்துப் பேரிடமோ அதற்கு மேலோ ஒரு படிவத்தை நிரப்பச் சொல்வதற்கு முன், மத்திய அரசின் அலுவலகம் எதுவாயினும் அந்தப் படிவத்தைப் பற்றியே மக்களிடம் கேட்க வேண்டும். இந்தத் தகவல் எதற்கு, இது அவசியந்தானா, நிரப்ப எவ்வளவு நேரம் செல்லும் என்று விளக்கி, முதலில் 60 நாள், பின்னர் 30 நாள் கருத்துக்கு இடம் விட வேண்டும். விமானத் துறையின் படிவங்களும் இதற்கு விலக்கல்ல. சிங்கப்பூர், சிலி, மொரோக்கோ போன்ற நாடுகளுடன் சுற்றாடல் ஒத்துழைப்புத் திட்டம் வகுத்தபோதும், அந்நாட்டு வெளிநாட்டலுவல்கள் திணைக்களம் தன் மக்களிடம் யோசனை கேட்டு அறிவித்தல் விடுத்திருக்கிறது. அமெரிக்காவைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அந்த நாட்டின் மற்றக் கணக்குகள் வேறு. படிவம் என்றாலே அஞ்சப் பழகிய எமக்கு, படிவத்தையே கேள்வி கேட்கலாம் என்ற எண்ணம் தெரிந்திருப்பது நல்லது என்பதற்காகவே எழுதுகிறோம்.

எமது நாட்டில் இரு அரசாங்கங்கள் கைகோர்க்கும் இடத்தில்தான் மக்களின் குரல் மிகக் குறைவாகக் கேட்கிறது. மன்னார் காற்றாலை இதற்கு அண்மைய உதாரணம். இந்திய, இலங்கை ஒத்துழைப்பின் பெயரில் அதானி நிறுவனத்துக்கு 250 மெகாவாற், 52 காற்றாடிகள் என்ற உடன்படிக்கைக்கு 2022 மார்ச்சில் வழி பிறந்தது. சுற்றாடல் அறிக்கை மக்கள் கருத்துக்கு வந்தது 2024இன் தொடக்கத்தில். முதலில் கையொப்பம், பிறகு கேள்வி! மன்னார்த் தீவு மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் வாசல். கடற்றொழிலாளர்க்கும் விவசாயிகளுக்கும் வெள்ளநீர் வடிவது பற்றிய பயம் இருந்தது. சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அது மின்சார விலை பற்றிய இழுபறியின் பின் வந்த முடிவு. மக்கள் கருத்தால் வந்த வெற்றி என்று எவரும் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் அந்த 30 நாளில் எழுதப்பட்டவை பதிவில் இருக்கின்றன. வழக்குக்குப் போகிறவருக்கு அந்தப் பதிவு ஆதாரம்.

ஆகவே அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. வெளிநாட்டு அரசுடனோ அதன் கம்பனியுடனோ செய்யும் சுற்றாடல் சம்பந்தமான உடன்படிக்கை, கையொப்பத்துக்கு முன்பே மக்கள் பார்வைக்கு வரவேண்டும். முழு அறிக்கையும் தமிழில் இருக்க வேண்டும். தமிழ் அறிக்கை வைக்கப்பட்ட நாளிலிருந்தே 30 நாள் எண்ணப்பட வேண்டும். பறவை மோதல், விமான இரைச்சல் போன்ற பதிவுகளைத் தகவல் கேட்டு நச்சரிக்காமலே மக்கள் பார்க்க முடிய வேண்டும். இவற்றில் ஒரு பகுதிக்குச் சட்டம் ஏற்கெனவே வழிவிட்டிருக்கிறது. 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டம், அல்லது 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டம் தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்னரே, பாதிக்கப்படக்கூடிய மக்களுக்குத் தகவல் தருவது அமைச்சரின் கடமை. இந்தப் பிரிவை எந்தக் கூட்டத்தில் வாசித்தாலும் சபையோர் வியப்போடுதான் கேட்கிறார்கள்.

எம்மிடம் நாமே கேட்க வேண்டியதும் உண்டு. மத்திய சுற்றாடல் அதிகாரசபை பத்தரமுல்லையில் இருக்கிறது. மன்னார்ப் பேசாலையிலிருந்தோ மட்டக்களப்பு வாகரையிலிருந்தோ ஒருவர் அறிக்கை பார்க்க அங்கு வருவதென்றால் இரவு பஸ், லொட்ஜ் வாடகை, இரண்டு நாள் கூலி இழப்பு. வெள்ளவத்தைக்காரருக்கு அது ஒரு முற்பகல். இங்கு மாடிக் குடியிருப்புகளில் வாழும் எத்தனையோ பேருக்கு ஊரில் காணியும் உறவும் இருக்கின்றன. ஆங்கிலம் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பொறியியலாளர்கள், நில அளவையாளர்கள் இங்கு குறைவில்லை. ஒவ்வொரு அறிக்கையையும் நான்கு பேர் பங்கிட்டு வாசித்து, நான்கு பக்கத் தமிழில் ஊருக்கு எழுதி அனுப்பினால், ஊரவர் தம் அனுபவத்தைக் கொண்டு பதில் எழுதுவார்கள். எந்த மாதத்தில் எந்தப் பறவை வரும், மழைநீர் எந்த வழியே கடலுக்குப் போகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அறிவித்தலை வெட்டி ஆலயத்திலும் கோவிலிலும் பள்ளிவாசலிலும் வாசிகசாலையிலும் ஒட்ட ஒருவர் போதும்.

கடிதம் எப்படி எழுதுவது என்று கேட்பவர்கள் உண்டு. நீளமாக வேண்டாம். திட்டத்தின் பெயர், அறிவித்தல் வந்த திகதி, அறிக்கையின் எந்தப் பக்கம் பற்றிப் பேசுகிறீர்கள், அங்கு சொல்லப்பட்டதற்கு மாறாக நீங்கள் கண்டது என்ன என்பவை போதும். கோபத்தை விட ஒரு திகதியும் ஓர் இடப்பெயரும் அதிகம் பேசும். தனியே கையொப்பமிட அஞ்சுபவர்கள் சங்கத்தின் பெயரில், மாதர் குழுவின் பெயரில் எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள், அதை மொழிபெயர்ப்பது அவர்கள் வேலை. பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். எமது கருத்து என்னவாயிற்று என்று பின்னர் தகவலறியும் சட்டத்தின்கீழ் கேட்கும்போது அந்த ரசீது தேவைப்படும். கோரிக்கை கிடைத்து 14 வேலை நாள்களுக்குள், தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் சொல்லியாக வேண்டும்.