ஆலோசனை வீட்டு வாசலுக்கு வரவேண்டும்

எமது நாட்டில் நிகழும் மரணங்களில் 80 சதவீதத்துக்கும் அதிகமானவை இருதய நோய், பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களினால் ஏற்படுகின்றன. உடலை அசைக்காத வாழ்க்கை முறை இதற்கான முக்கிய காரணங்களில் ஒன்றாகும். வளர்ந்தோர் வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்களும், சிறுவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களும் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் பரிந்துரை. இதனைக் கேட்டிராதவர்கள் இன்று குறைவு. ஆயினும், 2015இல் மேற்கொள்ளப்பட்ட தேசிய ஆய்வின்படி வளர்ந்தோரில் ஏறத்தாழ 30 சதவீதத்தினர் போதிய உடலியக்கம் இன்றியே வாழ்ந்தனர். அவர்களுள் பெண்களே அதிகம்.

அறிவுரைக்கு இங்கு பஞ்சமில்லை. அதனை ஒவ்வொரு வீட்டின் நிலைமைக்கும் ஏற்ப நடைமுறைப்படுத்தத் துணை நிற்போருக்கே பஞ்சம் என நாம் கருதுகின்றோம்.

"தினமும் நடவுங்கள்" என்று சொல்வது எளிது. கொழும்பின் மாடிக் குடியிருப்பில் வாழும் குடும்பத்துக்கு முற்றமே இல்லை. யாழ்ப்பாணத்தில் முற்றம் இருந்தாலும் பிள்ளைகள் பாடசாலை விட்டதும் ரியூசன் வகுப்புக்கு ஓடுகின்றனர். காத்தான்குடி போன்ற சனநெருக்கடி மிக்க ஊர்களில் பெண்கள் கூச்சமின்றி நடப்பதற்கு இடம் தேட வேண்டியுள்ளது. மலையகத்தில் நாள் முழுவதும் கொழுந்து பறித்துக் களைத்து வரும் தாய்க்கு வேண்டியது ஓய்வேயன்றி உடற்பயிற்சியன்று. எல்லோருக்கும் ஒரே துண்டுப்பிரசுரம் எவ்வாறு பொருந்தும்?

2011 முதல் அரசாங்கம் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை அமைத்து வந்தது வரவேற்கத்தக்கதே. எனினும், வேலைக்குச் செல்லும் ஆண்கள் அங்கு வருவது குறைவாகவே இருந்து வந்துள்ளது. மக்கள் நிலையத்தைத் தேடி வராதபோது, சேவை மக்களைத் தேடிச் செல்வதே முறையாகும்.

அவ்வாறு செல்லும் மரபு எமக்குப் புதியதன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்ட காலந்தொட்டு, வீடு வீடாகச் செல்லும் சேவையே தாய், சேய் மரணங்களைக் குறைக்கப் பெரிதும் உதவியது. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வொன்றும் இதற்குச் சான்று பகர்கின்றது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு சென்று இரத்த அழுத்தத்தை அளந்து, வாழ்க்கை முறை பற்றி ஆலோசனை வழங்கினர்; வைத்தியர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில், ஏனைய கிராமங்களை விட அங்கு இரத்த அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகக் குறைந்திருந்தது.

ஏற்கனவே வேலைப்பளு மிக்க குடும்பநல உத்தியோகத்தர்கள் மீது இச்சுமையையும் ஏற்றுவது நியாயமாகாது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாதியர், மாதர் சங்கத்தினர், இளைஞர் கழகத்தினர் ஆகியோருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் பயிற்சியளிக்கலாம். பெண்களுக்குப் பெண்களே வழிகாட்டுதல் சிறந்தது. ஆலய, பள்ளிவாசல் நிர்வாகங்கள் தமது மண்டபங்களையும் வளவுகளையும் குறித்த நேரங்களில் திறந்துவிடலாம். வழிகாட்டி ஒருவர் குடும்பத்தோடு அமர்ந்து, யாருக்கு எந்நேரம் வசதி, யாருக்கு என்ன நோய் என்பதையெல்லாம் கேட்டறிந்து, சிறியதோர் இலக்கை வகுத்து, அடுத்த மாதம் மீண்டும் வந்து விசாரிக்க வேண்டும். அந்த இரண்டாவது வருகையிலேயே இத்திட்டத்தின் பலன் தங்கியுள்ளது. இருதய நோயுள்ளோரை முதலில் வைத்தியரிடம் அனுப்புவதும் அவரது கடமையாகும்.

அதேவேளை, இதனைக் காரணம் காட்டி அதிகாரிகள் தமது பொறுப்பைத் தட்டிக்கழித்துவிடலாகாது. நடைபாதையும் தெருவிளக்கும் இல்லாத வீதியில், கட்டாக்காலி நாய்களுக்கு அஞ்சியபடி நடக்குமாறு எந்தவொரு வழிகாட்டியும் கூற முடியாது. 2025இல் தெரிவான உள்ளூராட்சி சபைகள் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

வைத்தியசாலைகளில் மருந்துக்காகக் காத்திருக்கும் வரிசை நீண்டுகொண்டே செல்கின்றது. அந்த வரிசையில் நாளை நிற்கவிருப்பவரை இன்றே அவரது வீட்டில் சந்திப்பது நாட்டுக்கும் அக்குடும்பத்துக்கும் நன்மை பயக்கும். சம்பந்தப்பட்டோர் இது குறித்துச் சிந்திப்பார்களாக.