ராக் நாவலா, துணிக்கடை விளம்பரமா?

கொஞ்ச நாளா ராக் இசைக்குழுக்கள் பத்தின நாவல்களா தேடிப் படிச்சிட்டிருக்கேன். கடுப்புல எழுதுற பதிவு இது. டெய்சி ரசிகர்கள் பின்னூட்டத்துல வந்து கும்மலாம் :-)

டெய்லர் ஜென்கின்ஸ் ரீட் எழுதின 'டெய்சி ஜோன்ஸ் அண்ட் தி சிக்ஸ்' 2019ல வந்து சக்கைப்போடு போட்டுது. 2023ல தொடராவும் வந்துச்சு. கதையில வர்ற கற்பனை ஆல்பத்தையே நிஜமா பாடி வித்துட்டாங்க. ஃப்ளீட்வுட் மேக் குழுதான் தூண்டுதல்னு ஆசிரியரே சொல்லியிருக்கார். சரி, ஒப்பிடுவோம். 1977ல வந்த 'ரூமர்ஸ்' ஆல்பத்தைப் பதிவு செஞ்சப்போ குழுவுக்குள்ளயே ஒரு தம்பதி பிரிஞ்சாங்க, ஒரு காதல் ஜோடி உடைஞ்சுது. நேத்து வரைக்கும் கூட வாழ்ந்தவ தன்னைப் பத்தி எழுதின பாட்டுக்கு இவன் உட்கார்ந்து கிதார் வாசிக்கணும். வேலைன்னா அது வேலை சாமி! நாவல் இதைத் தொடாம இல்லை. ஆனா அதுல மாத்திரையும் மதுவும் டெய்சியோட வளையல் மாதிரி, உடைக்குப் பொருத்தமா வந்து போகுது. 1970ல ஜிமி ஹென்ட்ரிக்ஸும் ஜானிஸ் ஜோப்ளினும் 16 நாள் இடைவெளியில செத்தாங்க. ரெண்டு பேருக்கும் வயசு 27. அந்தப் பிணங்களை மறைச்சுட்டு பளபளப்பை மட்டும் விக்கிறது எனக்கு அருவருப்பா இருக்கு.

டேவிட் மிட்செல்லோட 'யுடோபியா அவென்யூ' (2020) வேற மாதிரி ரோதனை. பக்கத்துக்குப் பக்கம் நிஜப் பிரபலங்கள் கல்யாண வீட்டுக்கு வர்ற மாதிரி வந்து தலைகாட்டிட்டுப் போறாங்க. மொய் எழுதாத குறைதான்.

நல்லா எழுத முடியாதா என்ன? ராடி டாயிலோட 'தி கமிட்மென்ட்ஸ்' (1987) டப்ளின் பசங்களோட சோல் இசைக்குழு பத்தினது. முக்கால்வாசி ஒத்திகையும் சண்டையும்தான்; முதல் இசைத்தட்டு வர்றதுக்கு முன்னாடியே குழு கலைஞ்சிடுது. ஜெனிஃபர் ஈகன் (2011 புலிட்சர்) தன் நாவல்ல ஒரு அத்தியாயம் முழுக்க பவர்பாயிண்ட்லயே எழுதியிருக்கார். ஆபீஸ்ல தினம் அதைப் பார்த்துக் கொட்டாவி விடுற நமக்கே கண்ணு கலங்கும்.

எல்லாத்துக்கும் மேல டானி வால்டன் எழுதின 'தி ஃபைனல் ரிவைவல் ஆஃப் ஓபல் அண்ட் நெவ்' (2021). டெய்சி மாதிரியே பேட்டி வடிவம்தான். ஆனா இதுல நிகழ்ச்சிக் கலவரத்துல கறுப்பின டிரம்மரை அடிச்சே கொல்றாங்க. பேட்டி எடுக்கிறது அவரோட மக. அன்னைக்கு எடுத்த புகைப்படம் பாடகர்கள் ரெண்டு பேரையும் பிரபலமாக்குது. அவ கேக்குறது ஒண்ணுதான்: எங்கப்பாவுக்கு அன்னைக்கு என்ன நடந்துச்சு?